உட்கார இடம் கொடுத்த முற்றம்

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரை வெளியூர்க்காரர்கள் சர்க்கரை ஆலையை வைத்துத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் பெரம்பலூர் சர்க்கரை ஆலை என்றிருந்தாலும் ஆலை நிற்பது எறையூரில். அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் வரிசையாகக் காத்துக் கிடக்கும். பாகு காயும் வாடை ஊர் எல்லையைத் தாண்டியும் வரும். இப்போது சிப்காட் தொழிற்பூங்காவும் சேர்ந்துகொண்டது. இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் கரும்பு விலையையும் வேலைவாய்ப்பையும் எழுதுவார்கள். நான் எழுத வந்தது இந்தப் பக்கத்திலிருந்து நாகூர் தர்காவுக்குக் கிளம்பும் வேன்களைப் பற்றி.

வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காடு, கொஞ்சம் தள்ளி வி.களத்தூர் என்று முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. பல வீடுகளில் ஆண்பிள்ளை சவூதியிலோ துபாயிலோ குவைத்திலோ இருப்பான். வீட்டை நடத்துவது பெண்கள்தான். இங்கே ஜியாரத், அதாவது அடக்கத் தலங்களைத் தரிசிப்பது என்றால் பக்கத்தில் திருச்சி நத்ஹர் வலி தர்கா, தூரத்தில் நாகூர். மகன் பணம் அனுப்பினால் மக்காவுக்கு உம்ரா. அல்லாஹ் நாடினால் ஹஜ். ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு வேறு, மார்க்கத்தில் அதற்குரிய இடமும் வேறு. ஹஜ் கடமை. ஜியாரத் அப்படி இல்லை. அது கூடுமா கூடாதா என்பதிலேயே ஊருக்குள் இரண்டு கட்சி. ஆனால் போய் வந்தவர்கள் பேசுவதைக் கேட்டால் எல்லாப் பயணத்திலும் ஒரே ஒரு விஷயம் ஒத்துப்போகிறது. சில இடங்களைப் பற்றி "பார்த்தாச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். சில இடங்களைப் பற்றிப் பேசும்போது, பையில் இருக்கும் துணியை வெளியே எடுப்பதற்கு முன்பே, அடுத்து எப்போது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? அடங்கியிருக்கும் அவுலியாவான இறைநேசரின் பெருமையாலா, கட்டடத்தின் அழகாலா, கேட்டது கிடைத்ததாலா? நீண்ட நாளாக என் மனதில் இருந்த கேள்வி இது. என் பெரியம்மாவும் தெருப் பெண்களும் நாகூருக்கு வேன் பிடித்தபோது நானும் ஏறிக்கொண்டேன்.

விடியற்காலை தொழுகை முடிந்த கையோடு கிளம்பினோம். புளிச்சோறு, அவித்த முட்டை, பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர், பாயில் சுருட்டிய தலையணைகள். கூடவே ஒரு மஞ்சள் பையில் சர்க்கரைப் பொட்டலங்கள். நாகூர்ச் சன்னிதியில் பாத்திஹா ஓதச் சர்க்கரையும் பூவும் வைப்பது வழக்கம். அதை நாகூர்க் கடையிலேயே வாங்கலாம். ஆனாலும் ஆலை ஊர்ப் பெண்கள் சர்க்கரையை வீட்டிலிருந்தே எடுத்துவருவார்கள். தன் ஊரில் விளைந்ததைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது எழுதாத முறை.

வண்டி அரியலூரைத் தொட்டதும் சிமெண்ட் லாரிகள் சாலையை நிறைத்தன. ஓட்டுநர் நாகூர் ஹனிபாவைப் பாடவிட்டார். 2015-இல் மறைந்த அந்த மனிதரின் குரல் இல்லாமல் தமிழ்நாட்டில் எந்த ஜியாரத் வேனும் நகராது என்று நினைக்கிறேன். பயணம் நாகூரில் தொடங்குவதில்லை. அந்தக் குரல் ஒலிக்க ஆரம்பித்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதுவரை வட்டிக் கணக்கும் மருமகள் கதையும் பேசிக்கொண்டு வந்தவர்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஸலவாத் சொல்லத் தொடங்கினார்கள்.

திருமானூர்ப் பக்கம் வரும்போது ஏலாக்குறிச்சிக்குப் பிரியும் சாலையைக் காட்டி ஒரு மாமி, "அடைக்கல மாதா கோயில் அங்கிட்டுத்தான்" என்றார். வீரமாமுனிவர் தங்கிப் பணிசெய்த தலம் அது. கொள்ளிடப் பாலத்தைத் தாண்டினால் திருவையாறு. அங்கிருந்து நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. எங்கள் பக்கத்துக் கரிசலும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பின்னால் போய், வாய்க்காலும் நாற்றங்காலும் வந்தன. கும்பகோணம், திருவாரூர் என்று கோபுரங்கள் வந்துகொண்டே இருந்தன. இந்த வழியாக ஒரு முஸ்லிம் குடும்பம் ஜியாரத்துக்குப் போவதை வழியில் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. டீக்கடைக்காரர், "நாகூருக்கா? எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கங்கம்மா" என்றார். அவர் நெற்றியில் பட்டை விபூதி. பெரியம்மா அவர் பெயரைக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டார். துஆவில் பெயர் சொல்ல வேண்டுமல்லவா.

நாகூரில் அடங்கியிருப்பவர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை. வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்து, பல நாடுகள் சுற்றி, 16-ஆம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரைக்கு வந்து தங்கியவர். தஞ்சை நாயக்க மன்னரின் நோயை அவர் தீர்த்த கதை இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். மன்னருக்கு யாரோ சூனியம் வைத்திருந்தார்கள். ஊசிகள் குத்தப்பட்ட ஒரு புறா அரண்மனையில் கிடந்தது. ஆண்டகை அந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க மன்னரின் வேதனை தீர்ந்தது. நன்றிக்கடனாக மன்னர் நிலம் கொடுத்தார். பிற்காலத்தில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தார். ஐந்து மினாராக்களில் அதுதான் நெடியது, தூரத்திலிருந்தே தெரிவது. வேனில் யார் அதை முதலில் பார்ப்பது என்று பிள்ளைகளுக்குள் போட்டி. பார்த்தவுடன் பெண்களின் பேச்சு நின்றது.

மினாராவைக் கட்டடக் கலையாகப் பார்க்கிறவர்களுக்கு அதில் சொல்ல நிறைய இருக்கும். பெரியம்மாவுக்கு அது வந்து சேர்ந்தாயிற்று என்பதற்கான அடையாளம். அதற்கு மேல் அவர் அதை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அலங்கார வாசலுக்குப் போகும் தெரு முழுக்கக் கடைகள். பேரீச்சை, அத்தர், ஊதுபத்தி, தொப்பி, தஸ்பீஹ் மணி, பிள்ளைகளுக்குப் பொம்மை, எண்ணெயில் பொரியும் இறால் வாடா. ஒரு தகட்டுக் கடையில் வெகுநேரம் நின்றோம். தாளைப் போல மெல்லிய வெள்ளித் தகடுகளில் உறுப்புகள் பொறித்திருக்கும். கண், கை, கால், முழு ஆள், தொட்டில், வீடு, படகு. எது குறையோ அந்தத் தகட்டை வாங்கிச் செலுத்துவது நேர்ச்சை. பெரியம்மா முட்டிவலிக்காகக் கால் ஒன்றை எடுத்தார். விலை கேட்டார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு வீடு ஒன்றை எடுத்தார். துபாயில் இருக்கும் மகன் பாதி கட்டி நிறுத்திவைத்திருக்கும் வீடு அவர் மனதில். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை. "மகன் வீடு முடியட்டும் அத்தா, கால் எனக்கு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்" என்று வீட்டை மட்டும் வாங்கினார். பக்கத்தில் நின்ற, நெற்றியில் குங்குமம் வைத்த பெண் படகு வாங்கிக்கொண்டிருந்தார். மீனவக் குடும்பமாக இருக்கலாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் வந்து மோதுவது சாம்பிராணியும் ரோஜாவும் கலந்த வாசம். அடுத்து புறாக்களின் படபடப்பு. மன்னர் கதையிலிருந்து இந்தப் புறாக்களுக்கும் ஒரு மரியாதை. தானியம் போடாமல் யாரும் கடந்துபோவதில்லை. சன்னிதியில் ஆண்டகைக்கு அருகில் அவருடைய வளர்ப்பு மகன் யூசுபும் மருமகளும் அடங்கியிருக்கிறார்கள். வெள்ளி வேய்ந்த கதவின் முன்னால் கூட்டம் நெருக்கியது. மயிலிறகுக் கட்டு தலையில் தொட்டது. பாத்திஹா ஓதப்பட்டது. சர்க்கரை தப்ரூக் என்னும் அருட்பொருளாகக் கைக்குத் திரும்பியது. எல்லாம் சில நிமிடங்கள்தான். இதற்காகவா இத்தனை தூரம் என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பயணத்தின் சாரம் அதற்குப் பிறகு நடந்தது.

சன்னிதியை விட்டு வெளியே வந்த பெண்கள் முற்றத்தில் ஒரு தூணோரம் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. ஒருவர் குர்ஆன் ஓதினார். ஒருவர் காலை நீட்டித் தேய்த்துக்கொண்டார். ஒருவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் அழுதார். யாரும் அவரை ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் படுத்துத் தூங்கியே விட்டார். குழந்தைகள் புறாக்களைத் துரத்திக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் மொட்டையடித்த பிள்ளைக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தது. அவர்கள் இந்துக்கள் என்பது பேச்சில் தெரிந்தது. பாங்கு சொன்னதும் தொழுகிறவர்கள் எழுந்து போனார்கள், மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வெயில் தூணைச் சுற்றிவர, நிழலோடு சேர்ந்து எங்கள் பாயும் நகர்ந்தது. மாலைவரை யாரும் வந்து எங்களைக் கிளம்பச் சொல்லவில்லை.

அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் கேள்விக்கு விடை தெரிய ஆரம்பித்தது. என்னோடு வந்த பெண்களில் மூத்தவர்கள் பலர் தங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குள் ஒருமுறைகூட நுழைந்ததில்லை. பாங்கு சத்தம் அவர்கள் வீட்டு அடுப்படிவரை கேட்கும். பள்ளியின் சுவர் அவர்கள் தினமும் கடக்கும் சுவர். ரமலானில் நோன்புக்கஞ்சி பள்ளியிலிருந்து வாளியில் வீட்டுக்கு வரும். ஆனால் அந்தத் தளத்தில் நெற்றி வைத்ததில்லை. தமிழ்நாட்டின் பல ஜமாஅத்துகளில் இன்றும் இதுதான் நிலைமை. பெண்கள் தொழுவதற்கு வீடு, ஓதுவதற்கு யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை, விசேஷம் என்றால் தர்கா. துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மாவின் நாவல் "இரண்டாம் ஜாமங்களின் கதை" படித்தவர்களுக்கு இந்த நான்கு சுவர் வாழ்க்கை அந்நியமாக இருக்காது. புதுக்கோட்டையில் ஷரீபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத்தைத் தொடங்கி, பெண்களுக்கான பள்ளிவாசல் வேண்டும் என்று குரல் எழுப்பியதும் இந்த வலியிலிருந்துதான்.

அப்படி வாழ்ந்த ஒருத்திக்கு ஒரு புனித இடம் பாயை விரிக்க அனுமதி தருகிறது என்றால் அது சிறிய விஷயமா? யார், எந்த ஊர், புருஷன் எங்கே என்று கேட்காமல் ஒரு தூணடி கிடைக்கிறது. அல்லாஹ்விடம் கேட்பதற்கு நேரம் கிடைக்கிறது. வீட்டில் அவளுக்கு இல்லாதது அதுதான். நாகூர் மீண்டும் மீண்டும் இழுப்பதற்கு கராமத்து என்னும் அற்புதக் கதைகளும் காரணம், பெரிய மினாராவும் காரணம். ஆனாலும் இந்த முற்றமே முதல் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கந்தூரி என்னும் ஆண்டு விழாக் காலத்தில் வந்தால் இந்த அமைதி கிடைக்காது. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் 14 நாள் விழா. கொடி நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களோடு ஊர்வலமாக வரும். நகரா முழங்கும். சந்தனக்கூடு ராத்திரியெல்லாம் தெருக்களில் ஊர்ந்து வந்து சேர்ந்தபின் விடியும் நேரத்தில் சந்தனம் பூசுவார்கள். நிற்கவே இடம் இருக்காது. ஆனால் அதற்கும் ஒரு சுகம் உண்டு. தன்னைப் போலவே லட்சம் பேர் என்று உணர்வது ஒரு பலம். பெரியம்மா இளவயதில் கந்தூரிக்கு வந்தவர். "அப்ப தள்ளுமுள்ளுல நிக்க ஒடம்புல தெம்பு இருந்துச்சு. இப்ப உக்கார எடம் இருந்தாப் போதும்" என்றார். வயதுக்கேற்ற விதத்தில் ஒரே இடத்தில் வேறு வேறு அனுபவங்கள். ஒரு தலம் இரண்டையும் தரும்போது ஒரு மனுஷியின் வாழ்நாள் முழுக்க அது துணைவருகிறது.

இந்தக் கரையை விட்டுப் போனவர்கள் நாகூரை மறக்க முடியாமல் தவித்ததற்கும் கல்லில் சாட்சி இருக்கிறது. சிங்கப்பூரில் தெலோக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம்கள் நாகூர் தர்கா ஒன்றைக் கட்டினார்கள். பினாங்கிலும் ஒன்று இருக்கிறது. அங்கே ஆண்டகையின் அடக்கம் கிடையாது. கடல் தாண்டிப் போனவர்களால் நினைத்தபோது திரும்பி வர முடியவில்லை. அதனால் நாகூரின் தோற்றத்தை அங்கேயே எழுப்பிக்கொண்டார்கள். திரும்பி வரும் ஆசை எவ்வளவு வலிமையானது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இந்தக் கரை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். இறந்தவர்களைப் புதைக்க தர்கா தன் நிலத்தில் இடம் கொடுத்தது, மதம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இங்கே வருகிறவர்கள் அந்த மண்ணையும் நினைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள். ஒரு புண்ணியத் தலத்தின் சூழல் என்று நாம் சொல்வதில் இதுவும் அடக்கம். வாசமும் ஒலியும் மட்டும் சேர்ந்து சூழல் ஆகிவிடாது. ஆபத்தில் அந்த இடம் எப்படி நடந்துகொண்டது என்ற நினைவும் சேர வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. வேறொரு ஊரில் ஒரு தர்காவுக்கு முன்பு போயிருந்தோம். செருப்பைக் கழற்றிய இடத்திலேயே ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். இந்த துஆவுக்கு இவ்வளவு, அந்தத் தாயத்துக்கு இவ்வளவு, உண்டியலில் போடாவிட்டால் ஆகாது. எங்களோடு வந்த, பிள்ளையில்லாத ஒரு பெண்ணிடம் அவர்கள் பயமுறுத்திப் பணம் வாங்கினார்கள். அந்தப் பெண் வேனில் வரும் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. அதன் பிறகு எங்கள் தெருவிலிருந்து அந்த ஊருக்கு யாரும் வண்டி பிடிக்கவில்லை. அங்கே அடங்கியிருக்கும் நல்லடியார் மேல் யாருக்கும் குறை இல்லை. வாசலில் நிற்பவர்கள் அவரை எங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள்.

ஏர்வாடியை நினைக்காமலும் இருக்க முடியாது. சுல்தான் சையது இபுராகீம் ஷஹீது அடங்கியிருக்கும் அந்த ஊரைத் தேடி, மனநலம் குன்றியவர்களைக் குடும்பங்கள் நம்பிக்கையோடு அழைத்துவந்தன. சுற்றிலும் தனியார் விடுதிகள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அப்படியொரு விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றிக் கருகி இறந்தார்கள். நம்பி வருகிறவர்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த 28 உயிர்கள் விலை. பின்னாளில் அரசு அங்கே மருந்தும் துஆவும் ஒன்றாகக் கிடைக்கும்படி மனநல சிகிச்சையைத் தர்கா வளாகத்துக்கே கொண்டுவந்தது. நம்பிக்கையைக் கேலி செய்யாமல், அதன் பக்கத்திலேயே மருத்துவரை உட்காரவைத்த அந்த ஏற்பாட்டை நான் மனமார மதிக்கிறேன்.

நாகூர் முற்றத்தில் பொழுது சாயும் நேரத்தில் பேச்சு மக்காவுக்குப் போனது. பெரியம்மா உம்ரா செய்தவர். மற்றப் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அவர் முதலில் சொன்னது கஃபாவை அல்ல. தரையைச் சொன்னார். "அம்புட்டு வெயிலு. வெள்ளைக் கல்லு. கால வச்சா சில்லுன்னு இருக்கு. நான் ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன்" என்றார். கஃபாவைச் சுற்றிப் பதித்திருப்பது கிரேக்க நாட்டுத் தாசோஸ் தீவின் வெண்சலவைக்கல். வெயிலை உள்வாங்காமல் திருப்பி அனுப்பும் கல். அதைத் தேடி எடுத்துவந்து பதித்தவர்களுக்கு யாத்திரை என்பது பாதத்தில் தொடங்குகிறது என்று தெரிந்திருக்கிறது. அடுத்து ஜம்ஜம் தண்ணீர். எங்கு திரும்பினாலும் குடிக்கலாம், யாரும் அளந்து கொடுப்பதில்லை. அதற்குப் பிறகுதான் கஃபா. முதல் பார்வையில் கேட்கும் துஆ ஏற்கப்படும் என்று கேள்விப்பட்டு ஊரிலிருந்து பெரிய பட்டியலோடு போனவர், பார்த்ததும் எல்லாம் மறந்துபோய் அழுதுகொண்டு நின்றாராம்.

"பொம்பளையும் ஆம்பளையும் ஒண்ணாத்தானே சுத்துறாங்க" என்று ஓர் இளம்பெண் கேட்டாள். "ஆமா. அங்க யாரு ஒன்ன வெளிய நிக்கச் சொல்லுவா?" என்றார் பெரியம்மா. ஊர்ப் பள்ளிக்குள் நுழையாத கால்கள் இஸ்லாத்தின் முதல் ஆலயத்தை ஏழு முறை சுற்றி வந்திருக்கின்றன. ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஹாஜரா என்ற ஒரு தாய் தண்ணீருக்காக ஓடிய ஓட்டத்தை, ஆண்களும் சேர்ந்துதான் ஓடுகிறார்கள். அதைக் கண்ணால் கண்டுவந்த ஒருத்தி பிறகு பழைய மாதிரி ஊரில் இருக்க முடியுமா?

மதீனாவில் வேறுவிதம். நபிகளாரின் பள்ளியில் அவருடைய அடக்கத்தை ஒட்டிய ரவ்லா ஷரீபில் தொழ முன்பதிவு வேண்டும், பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருப்பார்கள். உள்ளே கிடைப்பது கொஞ்ச நேரம். அழுது முடிப்பதற்குள் வெளியே வர வேண்டியிருக்கிறது. அந்தக் குறையே திரும்ப வேண்டும் என்ற ஏக்கமாகத் தங்கிவிட்டது என்றார் பெரியம்மா. நாகூர் தாராளமாகத் தந்து இழுக்கிறது, ரவ்லா போதாமல் வைத்து இழுக்கிறது. இரண்டும் உண்மை. மக்காவிலோ ஊர் திரும்பும் முன் கஃபாவைச் சுற்றி விடைபெறும் தவாபில், இதுவே என் கடைசி வருகையாக இருந்துவிடக் கூடாது என்று இறைவனிடம் கேட்பது வழக்கம். மறுபடியும் வரும் ஆசையை வழிபாட்டுக்குள்ளேயே வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

அங்கும் எல்லாம் இனிமையாக இல்லை. 2024 ஹஜ்ஜில் கடும் வெப்பத்தில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதி இல்லாமல் வந்து, நிழலும் குளிர்கூடாரமும் கிடைக்காமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். நிழல் யாருக்குக் கிடைக்கிறது என்பது மக்காவிலும் உயிர்ப் பிரச்சினைதான். கஃபாவுக்கு மேலே நிற்கும் ஓட்டல் கோபுரங்களைப் பற்றிக் கேட்டபோது பெரியம்மா, "அது பணக்காரங்க தங்குறது. நாங்க தூரத்துல இருந்து பஸ்ஸுல வந்தோம்" என்று மட்டும் சொன்னார்.

நேரில் போக முடியாத தலைமுறைகள் மக்காவை எப்படி மனதில் கண்டிருக்கும்? 17-ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், அரபு நாட்டை நதியும் வயலும் சோலையுமாக, தமிழ் நாட்டைப் போலவே வருணித்தார். படிக்கிறவர்கள் அதைப் பிழை என்பதுண்டு. எனக்கு அது அன்பாகத் தெரிகிறது. போக முடியாத ஊரைத் தன் ஊருக்கு அருகில் இழுத்துவைத்துக்கொள்ள அவருக்கு இருந்த வழி அதுதான். கப்பலில் மும்பையிலிருந்து ஹஜ்ஜுக்குப் போன காலம் 1995-ஓடு முடிந்தது. இப்போது எங்கள் பக்கத்து மூதாட்டி திருச்சியிலோ சென்னையிலோ விமானம் ஏறுகிறார். ஆனாலும் போய்வந்தவரிடம் கதை கேட்க இப்படி ஒரு கூட்டம் சுற்றி உட்காரத்தான் செய்கிறது.

எங்களோடு வண்டியில் வந்தவர்களில் ஓர் இளைஞன் தர்காவுக்குள் வரவில்லை. பெரியம்மாவின் தங்கை மகன். தர்கா ஜியாரத்தை ஏற்காத தவ்ஹீத் கருத்துடையவன். தாய்க்குத் துணையாக வந்துவிட்டு, கடற்கரைப் பக்கம் போய்விட்டான். மூன்று பள்ளிகளுக்கு அல்லாமல் நன்மையை நாடிப் பயணம் கூடாது என்ற நபிமொழியை அவன் பிடித்துக்கொள்கிறான். கப்ருகள் மறுமையை நினைவூட்டும், ஜியாரத் செய்யுங்கள் என்ற நபிமொழியை ஊர் ஹஜ்ரத் எடுத்துச் சொல்வார். இந்த வாதம் முடியாது, முடித்துவைக்க நான் ஆலிமும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண்கள் தொழத் தனி இடம் வைத்துப் பள்ளிகளைத் திறந்ததில் அவனுடைய ஆட்கள் முன்னால் நிற்கிறார்கள். தர்காவை ஆதரிக்கும் பழைய ஜமாஅத்துகள் இதில் பின்தங்கிவிட்டன. தர்காவில் பெண்களின் கூட்டத்தைப் பார்த்து மகிழ்கிறவர்கள், அந்தக் கூட்டம் ஏன் இத்தனை தூரம் வர வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

திரும்பும்போது தஞ்சாவூர் வழியே திருச்சிக்கு வந்து நத்ஹர் வலியிலும் இறங்கினோம். ஆயிரம் ஆண்டுப் பழமை சொல்லப்படும் இடம். திருச்சிக்கு நத்ஹர் நகர் என்றே ஆர்க்காட்டு நவாப் பெயர் வைத்ததுண்டு. ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் இங்கேதான் அடங்கியிருக்கிறார். எங்கள் ஊருக்கு அருகே நெடுஞ்சாலையோரம் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் 1751-இல் நடந்த வாலிகொண்டா போரில் படை நடத்தியவர் அவர். மறு வருடமே கொல்லப்பட்டார். அரியணைக்காக ஓடிய ஒருவருக்குக் கடைசியில் ஒரு பக்கீரின் காலடியில்தான் இடம் கிடைத்தது. நாங்கள் அதிக நேரம் தங்கவில்லை. எல்லோருக்கும் களைப்பு.

பெரம்பலூரைத் தாண்டியதும் வண்டிக்குள் அடுத்த பயணக் கணக்கு தொடங்கிவிட்டது. கந்தூரிக்கா, இல்லை இதே போல் கூட்டமில்லாத நாளிலா? மாதாமாதம் சீட்டுப் போட்டு உம்ராவுக்குச் சேர்த்தால் என்ன? கேள்விகளுக்கு நடுவே பெரியம்மா முன்சீட்டில் இருந்த தங்கை மகனைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, ஒங்க பள்ளியில பொம்பளைகளுக்குன்னு மாடி எழுப்புறீங்களாமே?"

"ஆமா பெரியம்மா. ரமலானுக்குள்ள முடிச்சிடலாம்னு பாக்குறோம்."

"முடிச்சா நான் வருவேன். ஆனா படிய ஒசரமா வச்சிடாதீங்க. எனக்கு முட்டி மடங்காது."

அவன் திரும்பிப் பார்த்தான். "படி சின்னதாத்தான் வைக்கச் சொல்லியிருக்கு. ரெண்டு பக்கமும் கைப்பிடியும் போட்டுருவோம்" என்றான்.

"தண்ணி மேலயே வரணும். ஒளு செய்ய நாங்க கீழ எறங்கி எறங்கி ஏற முடியாது" என்று பின்சீட்டிலிருந்து ஒரு மாமி சேர்ந்துகொண்டார். எறையூர் ஆலைப் புகைக்கூண்டு கண்ணில் படும்வரை அந்த மாடிக்கு என்னென்ன வேண்டும் என்றே பேசிக்கொண்டு வந்தார்கள்.